இரண்டாவது கணினி

அவசர நிறுத்தத்தைச் சோதிக்கக் கொழும்பிலிருந்து வந்த பரிசோதகரை அழைத்துக்கொண்டு இராசலிங்கம் சுழலிக்கு அருகே இறங்கிப் போனார்.

மேலே கட்டுப்பாட்டறையின் கண்ணாடிக்குப் பின்னால் சந்திரவதனா ஒலிவாங்கியை எடுத்தாள்.

வில்கமுவப் பக்கத்து நீர்மின்நிலையம் அது. வெளியே போகும் மின்சாரம் திடீரென அறுபட்டால், சுழலி பேய் பிடித்தாற்போல் சுற்றும். நான்கு வினாடிக்குள் தண்ணீர்க் கதவை மூடியாக வேண்டும். இல்லையென்றால் இரும்பு சிதறும். பக்கத்தில் நிற்பவன் மிஞ்சமாட்டான்.

கதவை மூடுவது கணினி. அது செத்தால், அரை வினாடியில் இரண்டாவது கணினி அந்த வேலையை ஏற்க வேண்டும். எந்த வேலை முந்த வேண்டும், எது காத்திருக்கலாம் என்று அந்த ஒழுங்கையெல்லாம் எழுதியவள் சந்திரவதனா.

மூன்று வருடங்களுக்கு முன், 1998இல், தலைமைப் பதவி அவளுக்கு வரவிருந்தது. அதற்குள் ஒரு மொட்டைப் பெட்டிசம் போனது. புலிகளுக்கு அணையின் வரைபடம் கொடுக்கிறாளாம்.

எட்டு மாதத் தடுப்புக் காவல். அவள் உள்ளே இருந்தபோது மாத்தளையில் அம்மா செத்துப்போனாள். முகம் பார்க்க விடவில்லை.

குற்றமற்றவள் என்று நீதிமன்றம் விட்டது. திரும்பி வந்தபோது அவளுக்கு வரவிருந்த கதிரையில் இராசலிங்கம் இருந்தார்.

வழக்குக் கோப்பில் அந்தப் பெட்டிசத்தைப் பார்த்திருந்தாள். பெயர் இல்லை. எழுத்து, பத்து வருடம் பக்கத்து மேசையில் பார்த்த இராசலிங்கத்தின் எழுத்து.

அவள் வாய் திறக்கவில்லை. காத்திருந்தாள்.

போன மாதம் கட்டுப்பாட்டறை அலுமாரியைத் திறந்தபோது இரண்டாவது கணினியின் கூடு மட்டும் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

“சேர் மகளுக்குப் படிக்கன்னு வீட்டுக்குக் கொண்டு போயிட்டாரு, மிஸ். நாந்தான் வேன்ல ஏத்திவிட்டேன்” என்றான் சுழலியை இயக்கும் றஹீம்.

அதையும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ஒலிவாங்கியில் பேசினாள். “சேர், ஃபுல் லோட்ல ஓடுது. முதல் கம்ப்யூட்டரை நிப்பாட்டிட்டு லைனை வெட்டுறேன். மத்தது பாத்துக்கும்தானே?”

இராசலிங்கம் கண்ணாடியைப் பார்த்து இரு கைகளையும் ஆட்டினார்.

அவள் முதல் கணினியை அணைத்தாள்.

“வேணாம்! வெட்டாதீங்க! மத்தது இல்ல! அது என் வீட்டில இருக்கு!”

பரிசோதகர் அவரை ஒருகணம் வெறித்துப் பார்த்தார். பிறகு படிகளில் ஏறி வெளியே ஓடினார். இராசலிங்கம் ஓடவில்லை. சுழலிக்குப் பக்கத்திலேயே தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டார்.

பரிசோதகர் வெளியேறும் வரை பொறுத்திருந்து, சந்திரவதனா லைனை வெட்டும் பொத்தானை அழுத்தினாள்.

சுழலி ஊளையிட்டு ஏறியது. ஒரு வினாடி. இரண்டு. மூன்றாவதில் தண்ணீர்க் கதவு இறங்கி அடைத்தது. ஊளை மெல்ல மெல்ல அடங்கியது.

றஹீம் ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தான். கூட்டுக்குள், களஞ்சிய அறையில் கழித்துப் போட்டிருந்த பழைய கணினி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கிழட்டு இயந்திரம். எல்லா வேலையும் செய்ய அதற்குத் தெம்பில்லை. அறிக்கை, அச்சு, விளக்கு என்று அத்தனையையும் நீக்கிவிட்டு, கதவை மூடும் வேலையை மட்டும் அதற்குக் கொடுத்திருந்தாள்.

“அல்லாஹ்!” அவன் மூச்சு விட்டான். “இத முன்ன ஒருக்கா ஓட்டிப் பாத்தீங்கதானே, மிஸ்?”

“இல்ல” என்றாள் சந்திரவதனா. “இன்னைக்குத்தான்.”