காணாமல் போன வரைபடம்

"இவளுக்குக் கையெழுத்துப் போடாதீங்க மேடம்!"

வரலாற்றுப் பேராசிரியர் போட்ட சத்தத்தில் நூலகமே திரும்பிப் பார்த்தது.

நூலகர் பேனாவை மூடி வைத்தார். பரீட்சைக்கு முந்தின வாரம். எடுத்த புத்தகமெல்லாம் திரும்ப வந்துவிட்டது என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஹால் டிக்கெட். மணி மூன்றாகியும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க நேரமில்லை. இதில் இது வேறு.

எதிரே பி.ஏ. வரலாறு கடைசி வருஷத்துப் பெண். அவள் திருப்பிக் கொடுத்த தடிப் புத்தகம் பேராசிரியர் கையில். அதன் கடைசியில் மடித்து வைத்திருந்த வரைபடத்தை யாரோ கிழித்திருந்தார்கள்.

"வரைபடம் எங்கே?"

"நான் எடுக்கும்போதே இல்ல சார்."

"பின்னே யாரு கிழிச்சாங்க?"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"பாருங்க, வாயைத் திறக்கறாளான்னு! வரலாறு படிக்கிற பிள்ளையே இப்படிக் கிழிச்சா உருப்படுமா? மூணு வருஷமா என்னத்தைத்தான் சொல்லிக் கொடுத்தேன்!"

வரிசையில் நின்ற ஐம்பது பேரும் வேடிக்கை பார்த்தார்கள். நூலகருக்கும் எரிச்சலாகத்தான் வந்தது. கிழித்ததும் இல்லாமல் என்ன அழுத்தம் இவளுக்கு!

அலுப்போடு புத்தகத்தை வாங்கி, எடுத்தவர்கள் பெயரும் கையெழுத்தும் போடுகிற கார்டைப் பின்னட்டைப் பையிலிருந்து உருவினார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நீ வெளியே இரும்மா. மத்தவங்க எல்லாம் பத்து நிமிஷம் கழிச்சு வாங்க. போங்க, போங்க."

கூட்டம் கலைந்த பிறகு கார்டைப் பேராசிரியர் பக்கம் தள்ளினார்.

முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் புத்தகத்தை எடுத்தவர்கள் மொத்தமே இரண்டு பேர். கீழே அந்தப் பெண். மேலே, அந்தக் காலத்து பி.ஏ. வரலாறு மாணவர் ஒருவர். கையெழுத்து மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் அச்சு அசல் அப்படியே இருந்தது.

பேராசிரியர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"பரீட்சை முடிஞ்சதும் ஒட்டிடலாம்னுதான் மேடம்..." கார்டைக் கவிழ்த்து வைத்தார். "சுத்தமா மறந்தே போச்சு."

நூலகர் அந்தப் பெண்ணின் படிவத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் அந்தப் பெண் தூணோரமாக நின்றிருந்தாள்.

"இந்தா, பிடி. ஏம்மா, கொஞ்சம் விட்டிருந்தா உன் ஒரு வருஷமே போயிருக்கும். எனக்கு முன்னாடி எடுத்தது யாருன்னு கார்டைப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நீயும் அதைப் பார்க்கலையா?"

"பார்த்தேன் மேடம். சார் படிச்ச புத்தகமாச்சேன்னுதான் எடுத்ததே."