வாங்க ஆளில்லாத செக்

"ரோஷத்துல வேலையை விட்டுட்டுப் போன ஃபிட்டர், ஒரு மாசமாச்சு, கடைசிச் சம்பளச் செக்கை வாங்க வரலையே! வீட்டுக்கே போய்க் கொடுத்துட்டு வா. கையெழுத்து இல்லாம திரும்பாதே" என்று மேனேஜர் விரட்ட, காசாளர் போய்க் கதவைத் தட்டினார்.

ஃபிட்டரின் மனைவி எட்டிப் பார்த்தாள். கம்பெனியிலிருந்து அவள் கணவருக்குச் செக் கொண்டு வந்திருப்பதாகக் காசாளர் சொன்னார். "அவர் உங்க கம்பெனிக்குத்தானே டிபன் பாக்ஸோட கிளம்பினார்?"

காசாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவி மனுஷன், வீட்டில் சொல்லவே இல்லை!

"ஆமாமா, அங்கேதான் இருப்பார். இது... போனஸ் செக், அக்கா" என்று மென்று விழுங்கினார்.

அவள் சிரித்துவிட்டாள். "மழுப்பாதீங்க தம்பி. ஒரு மாசமா சட்டையில ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை. துவைக்கிறவளுக்குத் தெரியாதா?"

"அப்பாடா! அப்போ நீங்களே வாங்கிக்குங்க."

"ஐயையோ! எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, மனுஷன் நாள் முழுக்க வீட்டுலயே உட்கார்ந்து என் சமையலை ரிப்பேர் பண்ணுவார். வேற வேலை கிடைக்கிறவரைக்கும் செக் உங்ககிட்டயே இருக்கட்டும்!"