சிம்பலில் ஒரு வெடிப்பு

நிரோஜன் எழுந்தான். முகம் கழுவினான். பாணை வெறும் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றான். கொஞ்ச நேரத்தில், தன் துறைமுகத்தடி வீட்டின் முன்னறையில், அவனும் வாங்க வந்த றுவைஸும் பழைய ட்ரம் செட்டைச் சுற்றி நின்றார்கள்.

“சிம்பல் தட்டில வெடிப்பு இருக்கு, றுவைஸ் நானா,” என்றான் நிரோஜன்.

“ஓரத்திலதானே தம்பி. அராவி விட்டா வெடிப்பு மேல ஓடாது.”

“பெரிய ட்ரம்மில ஆரோ பிறகு துளை போட்டிருக்கு. பழைய சாமானுக்கு அதால பெறுமதி குறையும்.”

“காட்சிக்கு வைக்கிறவனுக்குத்தான் குறையும். மரத்தைத் தட்டிப் பாருங்க, என்ன சத்தம்.”

“விளிம்பும் தேய்ஞ்சு போச்சு. தோல் அதில சரியா இருக்காது.”

றுவைஸ் சிரித்தார். “வாங்க வந்தவன் நான். குறை முழுக்க நீங்க சொல்றீங்க. விக்க மனமில்லையோ?”

நிரோஜன் சிம்பலைப் பார்த்தான். “என்ர மனுசியின்ர செட். சேர்ச்சில அடிச்சவ. தையில தவறிட்டா.”

றுவைஸ் ட்ரம்மிலிருந்து கையை எடுத்தார். “அப்ப வேணாம் தம்பி. வையுங்க.”

அவர் வாசல்வரை போய்விட்டார். நிரோஜன் அலுமாரியைத் திறந்து, அவளுடைய குச்சிகளை எடுத்துவந்து அவரிடம் நீட்டினான்.

ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“மூடி வைச்சிடாதேங்கோ. ஆராவது அடிக்கட்டும்.”