உட்கார்ந்தே இருந்தவர்

பயமில்லாமல் கதவைத் திறக்கும் தைரியத்துக்கு அரசாங்கம் ஒருவழியாக விலை வைத்துவிட்டது. குற்றமில்லாதவரைப் போலீஸ் பிடித்துப் போனால், தடவைக்கு ஒரு மணி நேரம் மனநல ஆலோசனை இலவசம்.

குறவர் குடியிருப்பில் பெயிண்டர் வேடியப்பனைப் பதினோரு தடவை பிடித்திருந்தார்கள். ஊரில் யார் சங்கிலி காணாமல் போனாலும் ஜீப் நேராக அவர் வாசலுக்குத்தான் வரும். முதல் தடவை வெற்றுடம்போடு இழுத்துப் போனதிலிருந்து, யார் கதவைத் தட்டினாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கைகட்டி நின்றுவிடுவார். தட்டியது மகளாக இருந்தாலும் அப்படித்தான்.

பதினோராவது மணி நேரத்தில், ஆலோசனை கொடுத்த டாக்டர் நிலோஃபர் அறைக்கு வெளியே போய்க் கதவைத் தட்டினார். வேடியப்பன் உட்கார்ந்தே இருந்தார்.

“ஜெயிச்சுட்டீங்கண்ணே! ஆனா இது நிலைக்க இன்னும் நாலு மணி நேரமாவது வேணும்.”

“அப்போ இன்னும் நாலு தடவை பிடிச்சுட்டுப் போகணுமா டாக்டரம்மா? ஊர்ல நாலு சங்கிலி தொலையட்டும்னு முனியப்பனுக்கு வேண்டிக்கிறேன்.”

டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. வேடியப்பன் கற்றுக்கொண்டபடி மூச்சை மெல்ல விட்டு, சட்டையைத் தேடாமல் உட்கார்ந்தபடியே, “திறந்துதான் இருக்கு, வாங்க” என்றார்.

“ஏன்டா, தொரை எந்திரிக்க மாட்டீங்களோ?” என்றபடி ஏட்டு உள்ளே வந்தார்.

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். சங்கிலி, தொலைந்ததாகப் புகார் கொடுத்த வீட்டு பீரோவுக்கு அடியிலேயே கிடந்ததாம். ஆனால் ஸ்டேஷனில் கொடுத்த சீட்டில் பிடித்த காரணம் ‘சந்தேகம்’ என்று இல்லை. ‘எழுந்து நிற்காமல் ஒத்துழைக்க மறுத்தது’ என்று இருந்தது. அது அவர் செய்த குற்றம். அதற்கு இலவச மணி நேரம் கிடையாது.

வெற்றுடம்போடு நடந்து வீடு வந்தவர் முதலில் சட்டையை மாட்டிக்கொண்டார். பிடித்தது பன்னிரண்டு தடவை. கொடுத்தது பதினோரு மணி நேரம். மிச்சம் நின்றது, பயமில்லாமல் உட்கார்ந்தே இருந்த ஒரே ஒரு காலைப் பொழுது.