எவ்வளவு தாங்கும்?

முதுகில் குட்டி வீடு போலக் கேம்பரைச் சுமந்து நின்ற பழைய பிக்கப்பின் அடியில் பரராஜசிங்கம் மூன்றாம் முறையாகக் குனிந்து பார்த்தார். விற்க வந்த குகதாசனுக்கு அலுத்துவிட்டது.

"துரு இல்லை அண்ணை. வருசா வருசம் ஸ்னோவுக்கு முதல் எண்ணெய் அடிக்கிறனான்."

"கேம்பரோடை இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும்?"

"நீங்கள் ரெண்டு பேர்தானே? ஆட்டுக்கிடாயும் ஏத்தப் போறியளோ?"

கேம்பருக்குள் பரராஜசிங்கத்தின் மனைவி சிவமலர் ஜன்னலோரப் படுக்கையில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். டோர்செட் பார்க் பகுதியின் வாகன இரைச்சல் அவர் காதில் ஏரியின் அலையாக விழுந்ததோ என்னவோ, முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

"தம்பி, மேலை இருக்கிற இந்தக் கொளுக்கி பாரம் தாங்குமோ?" சிவமலர் கண்ணைத் திறந்து ஜன்னல் வழியே கேட்டார்.

"லாம்பு கொழுவத்தானே அக்கா? தாராளமாத் தாங்கும்."

"லாம்பு இல்லை, டயலிசிஸ் தண்ணிப் பை. கிட்னி வேலை செய்யாததாலை ஒவ்வொரு இரவும் வயித்துக்குள்ளை ஏத்துறது. எங்கை போனாலும் அதுகளைப் பெட்டி பெட்டியாக் கொண்டுபோகவேணும். ஏரிக்கரையிலை ஒரு இரவு படுத்தெழும்ப ஆசை."

பின்சக்கரத்துக்கு மேலே, தான் நேற்றுக் கறுப்புப் பெயின்ற் பூசிய ஸ்பிரிங்கைக் குகதாசன் பார்த்தான். சாவியைத் தன் பைக்குள் போட்டான்.

"இது வேண்டாம் அண்ணை. ஸ்பிரிங் இறங்கிப்போச்சு. தாங்கிற பிக்கப் ஒண்டு நானே தேடித்தாறன்."