இறுகிய சட்டை

‘டப்’பென்று தெறித்த பொத்தான் கண்ணாடியில் பட்டுக் கட்டிலுக்கடியில் ஓடியது. வயிற்றுக்கு மேலே சட்டை விரிந்து நின்றதை அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இங்க வந்து பாரேன்! எனக்குச் சட்டை பத்தல!"

தையல் மெஷினை நிறுத்திவிட்டு மனைவி ஓடி வந்தாள். "அப்பாடா! நாளைக்கு அண்ணி வர்றப்போ என் மானம் தப்பிச்சுது" என்றாள். குனிந்து பொத்தானைத் தேடினாளே தவிர, அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணி என்றால் அவருடைய அக்கா. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்தபோது, தம்பியின் தொளதொள சட்டையை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். "இதுக்குள்ள இன்னொரு ஆளு குடியிருக்கலாம் போலிருக்கே. என் தம்பிக்குச் சோறு போடுறியா, இல்ல காட்டிட்டு எடுத்து வெச்சிடுறியா?" என்று கேட்டுவிட்டாள். அன்று மனைவி அடுப்படியில் சத்தமில்லாமல் அழுததை அவர் பார்த்தார்.

அவள்மேல் குற்றமே இல்லை. அவருக்கு வயதும் நாற்பத்தெட்டு, எடையும் நாற்பத்தெட்டு. வயதாவது வருடத்துக்கு ஒன்று ஏறியது.

அக்கா வந்து போன மறுநாளிலிருந்து மூன்றடுக்கு டிபன் கேரியர். நெய் மிதக்கும் சோறு, இரண்டு முட்டை, முந்திரி, வாழைப்பழம். வீட்டில் ஃபேக்டரி ஆட்களின் காக்கி உடுப்புகள் மலையாகக் குவிந்து கிடக்கும். கம்பெனி வேனில், ஆளுக்கொரு பெயர்ச்சீட்டோடு வரும் அந்த மூட்டையைப் பிரித்து, அளவு திருத்தித் தைத்து அனுப்புவதுதான் அவள் பிழைப்பு. அதற்கு நடுவிலும் விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்துவிடுவாள்.

அந்தக் கேரியரைத் தூக்கிக்கொண்டுதான் இன்றும் அவர் அதே ஃபேக்டரிக்குப் போனார். பொத்தான் தெறித்த சந்தோஷம் வாசல் கேட் வரைக்கும்கூட நிற்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது.

மத்தியானம் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து கேரியரைத் திறந்தார். நான்கு வாய் போனதும் வழக்கம்போலத் தொண்டை கதவைச் சாத்திக்கொண்டது. ஐந்தாவது வாயை வைத்தால் குமட்டும். தட்டிக் கொட்ட மனம் வராது. கைக்குட்டையால் மூடி, யாரும் பார்க்காமல் கேட்டுக்கு எடுத்துப் போனார்.

கேட்டில் டீயும் பன்னுமாகக் காலத்தை ஓட்டும் வாட்ச்மேன், தட்டோடு தயாராக இருந்தார். "உங்க வீட்டம்மா கைக்குத் தங்க வளையல் போடணும் சார்" என்றார். பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஓட்டையெல்லாம் முடிஞ்சுபோச்சு. இனிமே ஆணி வெச்சுதான் அடிக்கணும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலமானால் "எல்லாம் சாப்பிட்டீங்களா?" என்று அவள் கேட்பாள். "ஒரு பருக்கை மிச்சமில்ல" என்று இவர் கேரியரைக் கவிழ்த்துக் காட்டுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். இவர் சோற்றையே மறைத்துக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்க, சட்டை எப்படி இறுகியது? வெறும் நாலு வாய்க்கா இந்தத் தொப்பை?

ஸ்டோரில் நூல் மூட்டைகளை எடை போடும் மெஷின் இருந்தது. தினமும் காலையில் இருபது கிலோ கல்லை வைத்து அது சரியாகக் காட்டுகிறது என்று கையெழுத்துப் போடுகிறவரே அவர்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி ஏறி நின்றார்.

நாற்பத்தெட்டு. ஒரு கிராம்கூட ஏறவில்லை. தான் கையெழுத்துப் போட்ட மெஷினைப் பொய்யென்று சொல்லவும் வழியில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் தையல் மெஷின் பக்கத்தில் போய் நின்றார். மனைவி ஒரு காக்கி பேன்ட்டின் இடுப்புத் தையலைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சாப்பிட்டீங்களா?"

"இல்ல" என்றார். "மூணு மாசமா நான் சாப்பிடவே இல்லம்மா. நாலு வாய்க்கு மேல இறங்க மாட்டேங்குது. நீ தூக்கத்தைக் கெடுத்துச் செஞ்சதையெல்லாம்... நான் உனக்குத் துரோகம் பண்ணிட்டேன்."

பிளேடு நின்றது. அவள் தலை நிமிரவில்லை.

"நான் மட்டும் என்ன, யோக்கியமா?" என்றாள். "உங்க சட்டை அத்தனையும் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தெச்சது நான்தான். நாளைக்கு அண்ணி கண்ணுக்கு நீங்க பூசினாப்ல தெரியணுமேன்னு. காலையில நீங்க சந்தோஷத்துல கூப்பிட்டப்போ எனக்கு உங்க மூஞ்சியைப் பாக்கவே முடியல."

அவர் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். அவளை ஏமாற்றியதோடு நிற்காமல் அவளையும் ஏமாற்ற வைத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடும்மா. நீ செஞ்ச அவ்வளவு சாப்பாடும் வீணாப் போச்சே."

"விடுங்க. குப்பைக்கா போச்சு? ஒரு வயித்துக்குத்தானே போச்சு."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "யாருக்குக் குடுத்தேன்னு நான் சொல்லவே இல்லையே?"

அவள் மடியிலிருந்த காக்கி பேன்ட்டை விளக்குக்கு நேராக விரித்துப் பிடித்தாள்.

"உங்க வாட்ச்மேன் இடுப்பை மூணு மாசமா நான்தாங்க பிரிச்சு விட்டுட்டு வர்றேன்."