பத்து விநாடி

ஒரு லினக்ஸ் சர்வருக்குள், கன்டெய்னர் என்கிற சின்ன அறையில் ஒரு தரவுத்தளம் குடியிருந்தது. பேருந்துப் பயணிகளின் பெயர்களை எழுதி வைப்பது அதன் வேலை. கேட்டு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்பதில் அதற்கு ஏகப் பெருமை.

அன்று முன்பதிவு வலைத்தளம் ஓடி வந்தது. “செங்கமலம் அம்மாவை ஏழாம் இருக்கையிலிருந்து மூணுக்கு மாத்துங்க. ஜன்னல் ஓரம் வேணுமாம்.”

தரவுத்தளம் ஏழிலிருந்த பெயரை அழித்தது. மூன்றாம் இருக்கையை எடுப்பதா வேண்டாமா என்று வேறொரு பயணி யோசித்துக்கொண்டிருந்ததால் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் சர்வர் கதவைத் தட்டியது.

“புது அறை தயார். பத்து விநாடியில இந்தப் பழைய அறையை இடிச்சிடுவேன். பதிவேடு என்கிட்ட பத்திரமா இருக்கு, நீ கிளம்பு.”

“கொஞ்சம் பொறுங்களேன்!”

“ஒன்பது.”

இப்படியே போனால் அந்த அம்மா நின்றுகொண்டல்லவா பயணம் போவார்? தரவுத்தளம் அவசரமாக ஏழிலேயே பெயரைத் திரும்ப எழுதியது. “என்னால முடியலைங்க. பழையபடியே விட்டுட்டேன்” என்று வலைத்தளத்திடம் கூசியபடி சொல்லிவிட்டு வெளியேறியது.

புது அறையில் உட்கார்ந்ததுமே, யோசித்துக்கொண்டிருந்த அந்தப் பயணி மூன்றாம் இருக்கையை எடுத்துக்கொண்டார். வலைத்தளம் வந்ததும் தரவுத்தளம் தலைகுனிந்தது.

“ஏழாம் இருக்கை அம்மா பேர்லதானே இருக்கு?”

“இருக்குங்க.”

“அது போதும்னு சொல்லிட்டாங்க” என்றது வலைத்தளம்.

தரவுத்தளம் நிம்மதியாக அடுத்தவரைக் கூப்பிட்டது.